மேலப்பொழில் கிளைப்பாதை

ஊசிமேட்டுக்கும் தாழைக்குளத்துக்கும் நடுவில் தண்டவாளம் சேரமாட்டேன் என்றது. இந்தப் பக்கமிருந்து போட்டுக்கொண்டு போன பாதையும் அந்தப் பக்கமிருந்து போட்டுக்கொண்டு வந்த பாதையும் ஓடைக்கு மேலே முகம் பார்த்து நின்றன, ஒன்று சற்று உயரத்தில், மற்றது சற்றுத் தாழ்வில், நடுவில் ஓர் ஆள் தாண்டிவிடக்கூடிய வெற்றிடம். தளவாய் வலது கையால் மௌஸை நகர்த்தி ஒரு துண்டை எடுத்து வைத்துப் பார்த்தான், சிவப்பாகக் காட்டியது, ஏற்றம் அதிகம், வண்டி ஏறாது. அழித்துவிட்டு மறுபடி வைத்தான். இடது கையை அசைக்கக் கூடாது. முழங்கைக்குக் கீழே இரண்டு ஊசிகள், ஒன்றின் வழியே ரத்தம் வெளியே போகிறது, மற்றதன் வழியே கழுவப்பட்டு உள்ளே வருகிறது, பிளாஸ்திரி போட்டு ஒட்டிய குழாய் கையோடு கிடக்கிறது, அவனுடைய ரத்தத்தின் சூட்டில் அது மட்டும் கதகதப்பாக இருக்கிறது, மற்றபடி இந்த அறை முழுக்கக் குளிர்தான், ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னால் ரோஸ்லின் சிஸ்டர் சிரித்துக்கொண்டே போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போவாள். வாரத்தில் மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரியின் மாடியில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவன் இப்படிக் கிடக்கிறான், வயிற்றுக்கு மேலே சாப்பாட்டுப் பலகை, பலகைமேல் மடிக்கணினி, கணினிக்குள் அவன் கட்டிக்கொண்டிருக்கும் ரயில் பாதை. ரயில் ஓட்டும் சிமுலேட்டர் அது. மற்றவர்கள் அதில் வண்டி ஓட்டுவார்கள், அவன் ஓட்டுவதற்கான பாதையைப் போடுகிறான், உலகத்தில் எங்கேயும் இல்லாத பாதையை, சுனைக்குடி சந்திப்பிலிருந்து மலையடிவாரத்து மேலப்பொழில் வரை போகிற ஒரு சின்ன மீட்டர் கேஜ் கிளைப்பாதையை. இன்றைக்கு இந்த ஓடையைத் தாண்டிவிட வேண்டும் என்று காலையில் நினைத்திருந்தான். டயாலிசிஸ் மெஷின் நிற்கிற நேரத்துக்குப் பகவதி வந்துவிடுவாள். அவள் வந்ததும் இரண்டு பேருமாக டாக்டரைப் பார்க்கப் போகவேண்டும், அவர் கடைசியாக ஒரு தடவை கேட்பார், அவள் சரி என்பாள், தேதி குறித்துவிடுவார்கள். பகவதியின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். சொந்தத் தங்கச்சி, பொருந்தாமல் எங்கே போகும் என்று அம்மா அழுதாள், சாமிப்படத்துக்கு முன்னால் நின்று அழுதாள், தன்னுடையதை, சர்க்கரை இருக்கிறதென்று டாக்டர்கள் வேண்டாம் என்றபோதுகூட அப்படி அழவில்லை. துண்டு மறுபடி சிவப்பாகவே காட்டியது.

இல்லாத ஊருக்குப் பாதை போடுவதில் உள்ள கஷ்டம் வேறு மாதிரியானது. இருக்கிற ஊர் என்றால் படத்தைப் பார்த்துப் போட்டுவிடலாம், இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது, இந்த இடத்தில் ஏன் ரயில் வந்தது, யார் போட்டார்கள், எதை ஏற்றிக்கொண்டு போக. முதலில் கல்குவாரி என்று வைத்தான். பிறகு குவாரியின் வெட்டுக்குழியைத் திரையில் பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது, மூடிவிட்டு ஏலத்தோட்டம் என்று மாற்றினான். ஒரு கம்பெனியை உண்டாக்கினான், அதற்குப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு வர்ணம் கொடுத்தான், காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி, இரண்டு பெட்டியும் ஒரு கூட்ஸ் வேகனும், நடுவில் ஒற்றைப் பெட்டியாகத் தானே ஓடுகிற ஒரு டீசல் ரயில்கார். வருஷத்தை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு என்று குறித்தான், அவன் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முந்தி, அந்த வருஷத்தில் அவனுக்கு ஒன்றும் நடந்திருக்க முடியாது. மாதம் ஜூன், தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கிற மாதம். சாரலை எவ்வளவோ சரிசெய்து பார்த்தும் ஸ்டேஷன் கூரைக்குள்ளேயும் பெய்தது, சிமுலேட்டரின் கோளாறு, கூரை இருப்பது மழைக்குத் தெரியாது, டிக்கெட் கவுண்டருக்குள் நின்று பார்த்தால் உள்ளேயும் பொடிப்பொடியாகத் தண்ணீர். அதை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அம்மா காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுகிறாள், மாத்திரைக்கும் அதிலிருந்துதான், ரசம் ஊற்றினால் அதில் குறைத்துவிடுவாள். சென்னையில் இருந்தபோது தண்ணீரைப் பற்றி ஒரு நாள் நினைத்திருப்பானா? வேளச்சேரியில் அந்த மேப் கம்பெனியில் அவனுக்கு மலைகளை வரைகிற வேலை, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒரே உயரமான இடங்களைக் கோடு போட்டு இணைப்பது, கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி, மலையை மேலிருந்து பார்த்துப் பார்த்து அவனுக்கு அது பழகியிருந்தது, ஒரு மலையில்கூட ஏறியதில்லை. ஒரு நாள் செருப்பு நுழையவில்லை. கால் வீங்கியிருந்தது. உட்கார்ந்தே இருப்பதனால்தான் என்று பக்கத்து சீட்டுக்காரன் சொன்னான், அவனும் நம்பினான், நம்பின மாதங்களில் முகமும் வீங்கியது, ஊரிலிருந்து பெண் பார்த்துவைத்து போட்டோ கேட்டபோது எடுத்து அனுப்பினான், கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கொண்டுவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அந்தப் பேச்சு நின்றுபோனது. எல்லாம் நின்று ஊருக்கு வந்து இந்தக் கட்டிலில் படுத்த முதல் மாதத்தில் போனில் வீடியோ பார்த்தான், பார்க்க ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் சிமுலேட்டரை இறக்கினான். வண்டி ஓட்டப் பிடிக்கவில்லை. வெறும் நிலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேடு பண்ணினான், பள்ளம் பண்ணினான், அந்தப் பழைய வேலைதான், ஆனால் இந்த மலைக்கு இதற்கு முன்னால் யாரும் இல்லை.

மைதீன் பாய் இருந்த கட்டிலில் இப்போது வேறு ஒருவர் படுத்திருந்தார். போர்வையை முகம்வரை இழுத்து மூடியிருந்தார். அவர் பேரைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தளவாய் இருந்தான், ரோஸ்லின் சிஸ்டர் அவரைக் கூப்பிடும்போதெல்லாம் கவனத்தை வேறெங்காவது கொண்டுபோனான். காஜா மைதீன் மேலப்பாளையத்துக்காரர், தென்காசி லைனில் தனியார் பஸ் ஓட்டியவர், ரயில்வேயைத் தன் சொந்த விரோதி மாதிரிப் பேசுவார், ஆனால் தலையை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நாலு மணி நேரமும் தளவாயின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வளைவில் வேகம் எடுக்கக் கூடாது, அங்கே ஒரு டீக்கடை வேணும், டீக்கடை இல்லாத ஸ்டேஷன் உண்டுமா, தாழைக்குளத்தில் வண்டி நின்றால் அந்த ஊர்க்காரன் பஸ்ஸுக்கு வரமாட்டான், அதனால் நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஏதாவது சொல்லுவார். ஒரு நாள் சொன்னார், ஸ்டேஷன் கட்டிவிட்டீர், வேப்பமரம் வைத்துவிட்டீர், ஒரு மனுசனைக் காணோமே என்று. இலவசமாகக் கிடைத்த ஆள் பொம்மைகளைத் தேடி இறக்கினான், எல்லாம் வெளிநாட்டில் யாரோ செய்தவை, கனத்த கோட்டும் தொப்பியும் போட்ட ஓர் ஆளைத்தான் வைக்க முடிந்தது, ஜூன் மாதச் சாரலில் தாழைக்குளம் பிளாட்பாரத்தில் கோட்டுக்காரர் பெட்டியோடு நின்றார். பாய் அதைப் பார்த்து இருமுகிற அளவுக்குச் சிரித்தார். குத்தாலத்துக்குக் குளிக்க வந்தவரு, வழிதவறிட்டாரு என்றார். சிரித்ததில் மெஷின் கத்தி, சிஸ்டர் ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டினாள். கோட்டுக்காரரைத் தளவாய் அன்றைக்கே எடுத்துவிட்டான். பிறகு ஒரு திங்கட்கிழமை பாய் வரவில்லை, புதன்கிழமையும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தான். கேட்டபோது சிஸ்டர் குழாயைச் சரிபார்த்துக்கொண்டே, அவங்க வரமாட்டேன்னு சொல்லிட்டாங்களாம் என்றாள். வரமாட்டேன் என்றால்? போதும் என்று சொல்லிவிட்டாராம். மகன்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்களாம், வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுகிறவரை பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்றாராம். அப்படிச் சொல்லலாம் என்பதே தளவாய்க்கு அதுவரை தெரியாது. இந்தக் கட்டிலுக்கு வராமல் இருக்கலாம் என்பது, அது ஒரு மனுசன் வாய்திறந்து சொல்லக்கூடிய வார்த்தை என்பது. கடைசியாகப் போன அன்றைக்கு ஊசியை எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பாய் நின்று திரையைப் பார்த்தார், எப்பவும்போல வாரேன் தம்பி என்றார். அப்போதே முடிவு பண்ணியிருந்தாரா, வீட்டுக்குப் போய்ப் பண்ணினாரா? வாரேன் என்றுதான் சொன்னார். வேறு என்ன சொல்லிக்கொண்டு போவது? எப்படி இருந்திருக்கும், அவருக்குத் தண்ணீர் ஏறிய அந்தக் கடைசி நாளில்? படுக்க முடியாதாம், உட்கார்ந்தே இருக்கவேண்டுமாம். தளவாய் அந்த இடத்திலிருந்து மனசைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து ஓடைக்கரையில் விட்டான்.

ஆனால் ஓடைக்கரையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகவதியின் புருஷன் ஆறுமுகநயினார் மட்டும் தனியாக வந்தார். சங்கரன்கோவிலில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவர், விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறுப்பு, நல்ல மனுஷன், கல்யாணம் ஆன நாளிலிருந்து தளவாயிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. இந்தப் பக்கம் ஒரு ஜோலியாக வந்தேன் என்றார், ஞாயிற்றுக்கிழமை என்ன ஜோலி என்று அம்மா கேட்டாள். அம்மா காப்பி போட அடுப்பங்கரைக்குப் போனதும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். காப்பி ஆகிற நேரத்துக்குள் பேசி முடிக்கவேண்டும் என்று வரும்போதே யோசித்து வைத்திருந்தது தெரிந்தது.

“அவ உங்ககிட்ட சொல்லமாட்டா மச்சான். என்கிட்டயும் சொல்லல. ராத்திரியில எந்திரிச்சு உக்காந்து விலாவத் தடவிப் பாத்துக்கிட்டே இருக்கா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கா. பிள்ளைக்குத் தலை பின்னும்போது கை நடுங்குது.”

காப்பிக்குப் பால் பொங்குகிற வாசனை வந்தது. நயினார் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, நான் வேண்டாம்னு தடுத்தா காலம் பூரா நான் தடுத்தவன் ஆயிருவேன், அவ வேண்டாம்னா அவளால அதத் தாங்கிக்கிட்டு இருக்க முடியாது என்றார். அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, “நீங்க சொன்னாத்தான் மச்சான் அது ஆகும்,” என்றார். எது ஆகும் என்று சொல்லவில்லை. அம்மா டம்ளரோடு வந்தாள். நயினார் சூட்டோடு குடித்துவிட்டு எழுந்தார், வாசலில் செருப்பு மாட்டும்போது தளவாயின் தோளைத் தொட்டார், தொட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துக்கொண்டார். தப்பான ஆள் என்றால் கோபப்பட்டிருக்கலாம். கோபம் வரவில்லை.

அவர் பொய் சொல்லியிருந்தால்? இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒவ்வொரு தடவையும் தடுக்கி நின்றது, முள்ளில் வேட்டி மாட்டிக்கொண்டதுபோல, அவசரமாக இழுத்தால் கிழியும் என்று மெல்ல எடுத்துப் பார்த்தால் மறுபடி அங்கேயே. பயம் பகவதியுடையதாக இல்லாமல் அவருடையதாக இருந்தால்? பெண்டாட்டியை அறுக்க விட எந்தப் புருஷனுக்குத்தான் மனசு வரும், கை நடுங்கியதாகச் சொன்னால் போதுமே. பகவதி பயப்படுகிறவளா? குறுக்குத்துறையில் படித்துறையிலிருந்து ஆற்றில் முதலில் குதித்தவள் அவள்தான், அவன் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஜில்லென்று இருக்குமோ என்று நின்றபோது அவள் நடு ஆற்றில் தலையை உதறினாள். பரிசோதனைகளுக்கு வந்த நாட்களில் ரத்தம் எடுக்க எடுக்கக் கையை நீட்டினாள், சிரித்துப் பேசிக்கொண்டே நீட்டினாள், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் நீட்டினாள், அந்தப் பக்கம் திரும்பாதவர்கள் யார். ஆனால் பிள்ளை பிறந்தபோது வயிற்றைக் கிழித்து எடுத்தார்களே, அப்போது இதே ஆஸ்பத்திரித் தெருவில் இன்னொரு ஆஸ்பத்திரியில் அவன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் நின்றபோது, படுத்தபடியே சிரித்துக்கொண்டு சொன்னாள், “இனி எவனாவது என் உடம்புல கத்தி வைக்கணும்னு வந்தா, நான் ஓடிப்போயிருவேண்ணே.” அந்தச் சிரிப்பை இப்போது திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொன்னது. விளையாட்டுக்குத்தானா? சிரிக்கும்போது வயிற்றில் கைவைத்து அழுத்திக்கொண்டாள், தையல் வலித்திருக்கும். தான் கேட்கவே இல்லை, அவளாகத்தான் தாரேன் என்றாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். கேட்கவில்லைதான். போன பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது, வீங்கிய முகத்தோடு அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் போட்ட பொங்கலில் இரண்டு வாய் மட்டும் தின்றுவிட்டு, கையைக் கழுவக்கூடத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றினான். அதற்குப் பேர் என்ன, கேட்காமல் இருந்ததா? எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் திறந்தாள். அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? இல்லை, ஆசையாகத்தான் சொன்னாள், முகத்தைப் பார்த்தானே, ஆசையாகத்தான் இருந்தது. நயினார் வராமல் இருந்திருக்கலாம். வந்தாலும் அம்மா அடுப்பங்கரைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அவனுக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது என்று அந்த மனுஷனுக்கு ஒரு கணமாவது தோன்றியதா? ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து மூச்சு விடாமல் குடிக்கவேண்டும், கழுத்து வழியாக ஒழுக ஒழுகக் குடிக்கவேண்டும், மதுரைக்குப் போய் அன்றைக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கவேண்டும் என்று இருக்கிறது என்று?

கெண்டைக்கால் இழுத்தது. இடது கெண்டை, எப்போதும் அதுதான் முதலில், சதையை யாரோ கயிறுபோல முறுக்குகிற வலி. உதட்டைக் கடித்துக்கொண்டான், சிஸ்டரைக் கூப்பிட்டால் சலைன் ஏற்றுவாள், எடுத்த தண்ணீர் கொஞ்சம் திரும்பி உள்ளே போய்விடும், அதனால் முடிந்தவரை தாங்குவது வழக்கம். பிறகு காதுக்குள் ரீங்காரம், திரையின் ஓரங்கள் மங்கின, கொட்டாவியாக வந்தது, ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். இப்படித்தான் இருக்குமோ, மங்கி மங்கி, ஒன்றும் பெரிதாக நடக்காமல். பாய்க்கும் இப்படியா? மெஷின் கத்த ஆரம்பித்தது. ரோஸ்லின் சிஸ்டர் வந்து கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, கால்பக்கத்தை உயர்த்தி, சலைனைத் திறந்துவிட்டு, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் வளைத்தாள். “கூப்பிட வேண்டியதுதானே, என்ன வீம்பு,” என்றாள். விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். நெற்றியில் வேர்வை குளிர்ந்தது. உயிர் பயம் என்பது இவ்வளவு சாதாரணமானது, சிஸ்டர் பாதத்தைப் பிடித்திருக்கிறாள், அடுத்த கட்டிலில் டிவி சத்தம், கீழே தெருவில் யாரோ வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறார்கள். மெல்ல ஓரங்கள் தெளிந்தன. வாயில் வைத்துக்கொள்ள ஒரு ஐஸ்கட்டி தந்தாள். அதை நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டு, முழுவதும் கரைகிறவரை விழுங்காமல் இருந்தான்.

பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்து, தாழைக்குளம் ஸ்டேஷனையே பெயர்த்தான். அது ஒன்றும் பெரிய யோசனை இல்லை, முதலிலேயே தோன்றியிருக்கவேண்டும். பிளாட்பாரம், கூரை, வேப்பமரம், சாரல் நனைத்த பலகை, பாய் சொல்லி வைத்த டீக்கடை எல்லாவற்றையும் மொத்தமாகச் சுற்றிவளைத்துப் பிடித்து, சரிவில் கொஞ்சம் பின்னால் நகர்த்தினான். பாதையைத் தளர்த்திவிட்டு ஓடைக்குமேல் துண்டை வைத்தபோது பச்சையாகக் காட்டியது. அவ்வளவுதான். இத்தனை நாள் படுத்திய இடம். சந்தோஷம் வருமா என்று பார்த்தான், வரவில்லை. ரயில்காரைச் சுனைக்குடியில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தான். சாரலில் அது ஊசிமேட்டைத் தாண்டியது, பாலத்தில் சத்தம் மாறியது, தாழைக்குளத்தில் ஒருவரும் இல்லாத பிளாட்பாரத்தில் நின்று கிளம்பியது, ஏற்றத்தில் முனகியது, மேலப்பொழிலில் போய் நின்றது. என்ஜினை அணைத்தான். திரையில் மலை, மலைக்குப் பின்னால் அவன் இன்னும் உண்டாக்காத இடம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. சிமுலேட்டரில் வண்டி ஓட்டுகிற போலந்துக்காரர் ஒருவர் இந்தப் பாதை எப்போது முடியும் என்று இணையத்தில் மாதம் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்றைக்கு அனுப்பிவிடலாம். அனுப்பிவிட்டால் வெள்ளிக்கிழமை இந்தக் கட்டிலில் என்ன செய்வது? அதற்கடுத்த திங்கட்கிழமை? அதற்கடுத்து வரிசையாக நிற்கிற கிழமைகளில்? அந்த நினைப்பு வந்தபோதுதான் தான் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. எப்போது பண்ணினான் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கவலைப்படுகிறான் என்றால், வருகிற எல்லா வெள்ளிக்கிழமைகளையும் பற்றிக் கவலைப்படுகிறான் என்றால், பண்ணியாகிவிட்டது. ஆனால் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். நயினார் சொன்னது பொய்யாக இருந்தால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும், கோபப்படுவாள், கத்துவாள், அப்போது சரி என்று சொல்லிவிடலாம். அதற்கு இடம் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டான். அது இருக்கிறதனால்தான் சொல்லவே முடியும் போலிருந்தது.

பகவதி வந்தபோது மெஷினில் கொஞ்ச நேரம்தான் பாக்கி இருந்தது. மஞ்சள் சேலை கட்டியிருந்தாள், நல்ல காரியத்துக்குக் கிளம்பி வருகிறவளைப்போல, அம்மா சொல்லியிருப்பாள். கூடையில் தயிர்சாதம். அறைக்குள் வரும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததையும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததையும், டாக்டர் கீழே வந்துவிட்டாராம், நம்பர் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றதையும். குழாயைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கை முந்தானை நுனியைச் சுருட்டியது, பிரித்தது, சுருட்டியது. தளவாய் கணினியை மூடினான்.

“பகவதி, உன்னுது வேண்டாம்மா எனக்கு.”

அவள் திரும்பினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், கண்ணை எடுக்கவில்லை. முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தது. அப்போது அவள் தோள்கள் இறங்கின. அவ்வளவுதான், காதுவரை ஏறியிருந்த தோள்கள், அவை ஏறியிருந்ததே இத்தனை மாதமாக அவனுக்குத் தெரியாது, மெல்ல இறங்கித் தம் இடத்துக்கு வந்தன, மூச்சு வெளியே போயிற்று, முகத்தில் வாயைச் சுற்றி இருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது, ஒரு கணம் பாவாடை கட்டிய காலத்துப் பகவதியைப்போல இருந்தாள். பிறகுதான் முகம் சுருங்கி அழுகை வந்தது. “ஏண்ணே, ஏன் இப்படிச் சொல்லுத,” என்றாள். நிஜமான அழுகைதான். யார் என்ன சொன்னது, அவர் வந்து ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றான். இறந்தவர்களிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், அதற்குப் பதிந்து வைத்திருக்கிறேன், முறை வரும், வருகிறவரை இந்த மெஷின் போதும், எனக்கு இது பழகிவிட்டது, உன் உடம்பில் கைவைத்துவிட்டு என்னால் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியாது என்றான். சொல்லச் சொல்ல எல்லாம் உண்மைபோலவே இருந்தது. அம்மாவிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றான். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“இப்போதைக்கு வேண்டாங்கியாண்ணே? இப்போதைக்குத்தானே?”

“இப்போதைக்குத்தான்,” என்றான் தளவாய்.

அவள் தலையை ஆட்டினாள், பலமுறை ஆட்டினாள். எப்ப வேணும்னாலும் சொல்லு, நான் இருக்கேன் என்றாள். கீழே போய் டாக்டரிடம் சொல்லவேண்டாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கூடைக்குள் கைவிட்டுத் தயிர்சாதத்தை வெளியே எடுத்தாள், உப்புப் போடவில்லை, நீ திங்கிற மாதிரிதான் பிசைந்திருக்கிறேன் என்றாள். குரல் இறங்கி அவளுடைய பழைய குரலாகியிருந்தது. ரோஸ்லின் சிஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, ஒரு ஊசியை உருவி அந்த இடத்தில் பஞ்சை வைத்து, கெட்டியாக அழுத்திப் பிடிக்கணும், லேசா விட்டாலும் ரத்தம் பீச்சும் என்று வழக்கம்போலச் சொன்னாள். தளவாய் வலது கையைக் கொண்டுபோனான். அதற்குள் பகவதி ஸ்டூலை இழுத்துப்போட்டு நெருங்கி உட்கார்ந்து, நான் பிடிக்கேன் என்று பஞ்சின்மேல் தன் விரல்களை வைத்து அழுத்தினாள். இதற்கு முன்னால் அந்தக் கையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். இப்போது நேராகப் பார்த்துக்கொண்டு, பிள்ளை ஸ்கூல் டான்ஸில் மயிலாக வேஷம் போடப்போகிற கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். தோகைக்கு எங்கே போவது என்று நயினார் காயில் கம்பியை வளைத்துக்கொண்டிருக்கிறாராம். சொல்லிக்கொண்டே சிரித்தாள். தளவாய் ம் கொட்டினான். அவன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவை அவன் கையின்மேல் வெதுவெதுப்பாக, உறுதியாக இருந்தன. கொஞ்சம்கூட நடுங்கவில்லை.